1980: ஜப்பானியப் பாட்டின் ஓர் ஆண்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜப்பானியப் பாட்டு கேட்கிறவன் என்று நண்பர்கள் நடுவில் எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. அன்றிலிருந்து யாராவது ஒரு பாட்டை அனுப்பி, "இது யார், எந்த வருடம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விசாரித்தால் பாதிக்கு மேல் 1980 அல்லது அதற்கு ஒட்டிய மாதங்கள். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. பெயர்களை ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும்படி எழுதியிருக்கிறேன்.

எத்தனையோ ஆண்டுகள் இருக்க, 1980-ஐ மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?

எழுபதுகளை ஆண்டவர்களும் எண்பதுகளை ஆளப்போகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் நின்ற ஆண்டு அது. நாட்டின் மிகப் பெரிய பாடகி யமகுச்சி மோமோயே 21 வயதில் மேடையை விட்டு இறங்கினார். அடுத்த பத்தாண்டைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளப்போகிற 18 வயதுப் பெண் மட்சுதா செய்கோ ஏப்ரலில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். மூன்று பேர் கணினியையும் சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைப் பைத்தியமாக்கினார்கள். ஆண்டின் பெரிய விருதோ மழையைக் கூப்பிடும் ஒரு பழைய பாணிப் பாட்டுக்குப் போனது.

இந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "மோமோயே போனார், செய்கோ வந்தார்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைகளில் உண்மையில் என்ன விற்றது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. கீழே வருகிறேன்.

இதெல்லாம் எந்தப் படத்தில் வந்த பாட்டுகள்?

தமிழில் கேட்கிறவர்களின் முதல் கேள்வி எப்போதும் இதுதான். பதில்: எந்தப் படத்திலும் இல்லை. அங்கே பாட்டு தனித்தட்டாக வெளிவரும். ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டுகள் கொண்ட சிறிய சிங்கிள் தட்டு. விலை 600, 700 யென். நீண்ட எல்பி தட்டு 2,500 யென்னுக்கு மேல்.

படம் செய்கிற வேலையை அங்கே இரண்டு பேர் செய்தார்கள்: தொலைக்காட்சியும் விளம்பரமும். ஒரு பாட்டை நாடு முழுக்கக் கொண்டுபோனது பெரும்பாலும் முகப்பூச்சு விளம்பரமோ ஐஸ்கிரீம் விளம்பரமோதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

கயோக்யோகு, என்கா, நியூ மியூசிக், ஜே-பாப் என்று ஏதேதோ சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

கயோக்யோகு என்பது பொதுப்பெயர். மெல்லிசை என்று வைத்துக்கொள்ளலாம். பாடலாசிரியர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், இசைக்கோப்பாளர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர் என்று தொழில்முறையாகப் பிரித்துச் செய்த பாட்டு. என்கா அதன் ஒரு கிளை: குரலை நடுங்கவிட்டு, பிரிவையும் துறைமுகத்தையும் மதுக்கடையையும் பாடுவது. நியூ மியூசிக் என்பது தாங்களே எழுதி, தாங்களே இசையமைத்துப் பாடியவர்களுக்கு வைத்த பெயர். இவர்களில் பலர் தொலைக்காட்சிப் பக்கமே வரமாட்டோம் என்று வீம்பு பிடித்தவர்கள்.

ஜே-பாப் என்ற சொல் எண்பதுகளின் இறுதியில்தான் வந்தது. 1980-இல் யாரையாவது நிறுத்தி "ஜே-பாப் கேட்பீர்களா?" என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார்கள்.

யமகுச்சி மோமோயே யார்? உச்சத்தில் இருந்தவர் ஏன் விட்டுவிட்டார்?

1973-இல், தொலைக்காட்சித் தேர்வு நிகழ்ச்சி ஒன்றின் வழியாக, 14 வயதில் பாட வந்தவர். சிரித்துக் குழையும் பெண்களுக்கு நடுவில், சிரிக்காமல், தாழ்ந்த குரலில் நேராகப் பார்த்துப் பாடியதே அவருடைய அடையாளம். 1976 முதல் அகி யோகோ எழுதி, அவர் கணவர் உசாகி ரியூதோ இசையமைத்த பாட்டுகள் அவருக்கு வந்தன. அதன்பின் அவர் குழந்தை நட்சத்திரம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

விட்டதற்குக் காரணம் திருமணம். தன்னோடு பல படங்களில் நடித்த மியுரா தொமோகாசுவை மணக்கப்போவதாகவும், அதோடு பாட்டையும் நடிப்பையும் நிறுத்தப்போவதாகவும் 1980 மார்ச் 7 அன்று அறிவித்தார். யாரோ நிர்ப்பந்தித்திருப்பார்கள் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். செப்டம்பரில் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றைப் புரட்டினால் அப்படித் தோன்றாது. தகப்பன் பாதி நாள் இல்லாத வீட்டில் வளர்ந்ததை ஒளிக்காமல் எழுதிய பெண் அவர். குடும்பம் என்று ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தவர் அவரேதான்.

மேடையில் மைக்கை வைத்துவிட்டுப் போனாராமே, நிஜமா, கட்டிய கதையா?

நிஜம். 1980 அக்டோபர் 5, டோக்கியோவின் நிப்பான் புதோகான் அரங்கம். வெள்ளை உடை. கடைசிப் பாட்டு "சயோனாரா நோ முகோகவா" (விடைபெறலுக்கு அப்பால்). அழுகையை விழுங்கிக்கொண்டு பாடி முடித்து, நெடுநேரம் தலைவணங்கினார். பிறகு குனிந்து, வெள்ளை மைக்கை மேடையின் நடுவில் தரையில் கிடத்திவிட்டுத் திரும்பி நடந்தார். எனக்கு அதில் பிடித்தது அவர் அதை வீசவில்லை, யார் கையிலும் கொடுக்கவில்லை என்பதுதான். கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பி வைக்கிற மாதிரி வைத்தார்.

ஒரு சின்னத் திருத்தம்: அதுதான் அவர் கடைசியாகப் பாடியது என்று எழுதுகிறார்கள். பத்து நாள் கழித்து, அவருடைய நிறுவனத்தின் 20-ஆம் ஆண்டு விழாவில் அவர் இன்னொரு முறை மேடை ஏறினார். புதோகான் அளவுக்கு அழகான முடிவாக அது இல்லாததால் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். நவம்பர் 19 அன்று திருமணம்.

அவர் இடத்தைத்தான் மட்சுதா செய்கோ பிடித்தார் இல்லையா? அதே ஆண்டிலேயேவா?

வந்தது அதே ஆண்டு. இடத்தைப் பிடித்தார் என்பதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளமாட்டேன். ஃபுகுவோகா மாகாணத்துக் குருமே ஊர்க்காரர். முதல் தட்டு 1980 ஏப்ரல் 1. இரண்டாவது தட்டு ஜூலை 1 அன்று வந்த "அவோய் சங்கோஷோ" (நீலப் பவளப்பாறை). பல்லவி கில்லவி என்று காத்திருக்காமல், எடுத்த எடுப்பிலேயே குரல் உச்சிக்குப் போய் அங்கிருந்து இறங்கி வரும். ஐஸ்கிரீம் விளம்பரத்துக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது. அது ஐஸ்கிரீம் விளம்பரப் பாட்டேதான். அதுகூட விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரைதான் போனது. அக்டோபரில் வந்த மூன்றாவது தட்டுதான் முதன்முதலில் முதலிடத்தைத் தொட்டது. அதிலிருந்து தொடர்ச்சியாக 24 தட்டுகள், 1988 வரை, முதலிடம்.

குணத்திலும் இருவரும் எதிரெதிர்த் துருவம். மோமோயே இருட்டான அறையின் குரல். செய்கோ கடற்கரையின் நண்பகல். ஒருவரின் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தார் என்பதைவிட, செய்கோ தனக்கென்று வேறொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார் என்பதுதான் சரி.

செய்கோவின் முதல் விளம்பரத்தில் அவர் முகமே இல்லையாமே?

இல்லை. ஏப்ரலில் வந்த "ஹதாஷி நோ கிசேட்சு" (வெறுங்காலின் பருவம்), ஷிசெய்டோ நிறுவனத்தின் "எக்குபோ" என்ற முகம் கழுவும் பொருளுக்கு ஒலித்தது. எக்குபோ என்றால் கன்னக்குழி. விளம்பரத்தில் நடிக்கும் பெண் சிரித்தால் குழி விழ வேண்டும். செய்கோவுக்குத் தேர்வில் எப்படிச் சிரித்தும் குழி விழவில்லை. ஆகவே முகம் வேறொரு பெண்ணுடையது, குரல் மட்டும் இவருடையது. அந்தக் குரலைக் கேட்டு யார் இது என்று மக்கள் விசாரிக்கத் தொடங்கியதில் செய்கோவுக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை.

அப்படியானால் 1980-இல் மிக அதிகமாக விற்றது யாருடைய தட்டு? மோமோயேவா, செய்கோவா?

இரண்டு பேரும் இல்லை. நான் முதலில் சொன்ன "வேறு மாதிரிக் கதை" இதுதான். ஓரிகான் நிறுவனத்தின் ஆண்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் "டான்சிங் ஆல் நைட்". பாடியது மோன்தா அண்ட் பிரதர்ஸ் என்ற, ஏப்ரலில் முதல் தட்டு வெளியிட்ட குழு. மோன்தா யோஷினோரி எழுபதுகளின் தொடக்கத்திலேயே தனியாகப் பாடிப் பார்த்து எடுபடாமல் போனவர். தொண்டையில் மணலை வைத்துத் தேய்த்த மாதிரி ஒரு குரல். பத்து வாரம் முதலிடத்தில் உட்கார்ந்து, 15 லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றது. அழகான முகமும் இல்லை, இளமையும் இல்லை. ஒரு கரகரப்பு மட்டும்தான்.

இரண்டாம் இடம் குபோதா சாகியின் "இஹோஜின்" (அந்நிய தேசத்தவர்). மூன்றாமிடம் கிரிஸ்டல் கிங் குழுவின் "தாய்தோகாய்" (பெருநகரம்). இரண்டுமே 1979-இன் கடைசி மாதங்களில் வெளியாகி, 1980-இல் விற்றுத் தள்ளியவை. ஆக, முதல் மூன்று இடத்தில் "ஐடல்" எனப்படும் இளம் நட்சத்திரங்கள் ஒருவரும் இல்லை.

"இஹோஜின்" கேட்டால் பாலைவனத்தில் ஒட்டகம் போகிற மாதிரி இருக்கிறது. மத்தியக் கிழக்குப் பாட்டா?

எழுதியபோது அதில் ஒட்டகமும் இல்லை, மணலும் இல்லை. டோக்கியோவின் சூவோ ரயிலில் போகும்போது குனிடச்சிப் பக்கம் வெட்டவெளியில் குழந்தைகள் கையை விரித்து விளையாடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்து குபோதா எழுதிய பாட்டு. முதலில் வைத்த தலைப்பும் "வெள்ளைக் காலை" என்ற பொருளில்தான். சான்யோ நிறுவனத்தின் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி விளம்பரத்துக்கு எடுத்தபோது தலைப்பு மாறியது, "பட்டுப்பாதை" என்ற துணைத்தலைப்பு ஏறியது, இசைக்கோப்பாளர் ஹகிதா மிட்சுவோ கம்பி வாத்தியங்களை மேற்கு ஆசிய வாடையோடு கோத்துவிட்டார்.

நேரமும் ஒத்துழைத்தது. 1980 ஏப்ரலில் என்எச்கே தொலைக்காட்சி, கிதாரோவின் இசையோடு பட்டுப்பாதை பற்றிய நீண்ட ஆவணத் தொடரைத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜப்பானியர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே பாலைவனம் பார்த்தார்கள்.

விளம்பரம் விளம்பரம் என்கிறீர்கள். ஓர் ஆண்டில் அப்படி எத்தனை பாட்டுதான் இருந்திருக்கும்?

எண்ணி முடியாது, சிலவற்றைச் சொல்கிறேன். வசந்த காலத்தில் முகப்பூச்சு நிறுவனங்கள் இரண்டும் மோதிக்கொள்ளும். 1980-இல் ஷிசெய்டோ பக்கம் தகேவுச்சி மரியாவின் "ஃபுஷிகி நா பீச் பை", கனெபோ பக்கம் வதனாபே மச்சிகோ. ஜப்பான் ஏர்லைன்ஸுக்கு யகாமி ஜுன்கோவின் "பர்ப்பிள் டவுன்". பயனியர் நிறுவனத்தின் "ரன்அவே" என்ற ரேடியோ கேசட் பெட்டிக்கு, அதே பெயரில் ஷானல்ஸ் குழுவின் பாட்டு. பெட்டியின் பெயரே பாட்டின் பெயர்! விளம்பரம் எது, பாட்டு எது என்று பிரிக்க முடியாத அளவுக்குப் போயிருந்தது.

எனக்குப் பிடித்தது மேக்செல் கேசட் விளம்பரம். யமஷிதா தட்சுரோ, எத்தனையோ ஆண்டுகள் விமர்சகர்களின் பாராட்டை மட்டுமே சம்பாதித்துக்கொண்டிருந்தவர், சைபான் தீவின் கடலில் நின்று கேமராவைப் பார்க்கிறார். பின்னால் அவருடைய "ரைடு ஆன் டைம்". மே மாதம் வெளிவந்த அந்தத் தட்டுதான் அவருக்கு முதல் வெற்றி. கேமரா முன்னால் நிற்கிற பழக்கமே இல்லாத மனிதர் என்பது முகத்தில் தெரியும்.

ஓரிகான் என்கிறீர்கள், தி பெஸ்ட் டென் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. ஓரிகான் தட்டு விற்பனையை மட்டும் கணக்கிட்ட பட்டியல். "தி பெஸ்ட் டென்" என்பது 1978 ஜனவரியில் தொடங்கிய டிபிஎஸ் தொலைக்காட்சியின் வியாழன் இரவு நேரடி நிகழ்ச்சி. விற்பனையோடு, நேயர்கள் அனுப்பிய அஞ்சலட்டைகள், வானொலி, கடைகளுக்குக் கம்பி வழியே பாட்டு அனுப்பும் சேவையின் கணக்கு எல்லாவற்றையும் கலந்து பத்துப் பாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். தொகுப்பாளர்கள் குமே ஹிரோஷியும் குரோயனகி தெட்சுகோவும். ஆமாம், தமிழிலும் பலர் படித்த "டோட்டோ-சான்" எழுதிய அதே குரோயனகி.

பட்டியலில் வந்தவர் எங்கே இருந்தாலும் கேமரா துரத்திக்கொண்டு போகும். செய்கோ முதன்முறை பட்டியலில் நுழைந்தபோது அவர் இருந்தது விமானத்தில். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கி வந்து, விமானத்தின் பக்கத்திலேயே தரையில் நின்று பாடினார். தொலைக்காட்சிக்கு வரமாட்டேன் என்ற பாடகர்களுக்காகத் தொகுப்பாளர்கள் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியும் அடிக்கடி உண்டு. ஒருவர் வரவில்லை என்பதையே நிகழ்ச்சியாக்கிய சாமர்த்தியம்.

ஒய்எம்ஓ என்கிற சிவப்புச் சட்டைக்காரர்கள் பாடகர்களா, விஞ்ஞானிகளா?

யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா: ஹொசோனோ ஹருவோமி, சகமோதோ ரியூயிச்சி, தகஹாஷி யுகிஹிரோ. சிவப்பு உடையை வடிவமைத்தது தகஹாஷி. மேடையில் நான்காவதாக ஒருவர், மட்சுதாகே ஹிதெகி, அலமாரி போன்ற ஒரு மூக் சிந்தசைசரின் முன்னால் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருப்பார். ஜப்பானியர்கள் அந்தக் கருவிக்கு வைத்த செல்லப்பெயரே "துணி அலமாரி".

இரண்டாவது எல்பி "சாலிட் ஸ்டேட் சர்வைவர்" 1979 செப்டம்பரில் வந்தது. 1980-இல் பத்து லட்சத்தை எட்டி, அந்த ஆண்டு ஜப்பான் இசைத்தட்டு விருதுகளில் சிறந்த ஆல்பமாகவும் தேர்வானது. ஜூனில் சிங்கிளாக வந்த "ரைடீன்" தகஹாஷியுடையது. எடோ காலத்து ராய்டென் என்ற சுமோ மல்லரின் பெயரில் தொடங்கி, ரோபோ கார்ட்டூன் ஒன்றின் பெயரோடு கலந்த தலைப்பு. பாட்டே இல்லாத வெறும் வாத்திய இசை. பிள்ளைகள் அதை வாயாலேயே வாசித்துக்கொண்டு திரிந்தார்கள். காதோரக் கிருதாவை மழித்துவிடும் அவர்களுடைய முடிவெட்டுக்கு "டெக்னோ கட்" என்று பெயர் வேறு.

அவர்களுடைய "பப்ளிக் பிரஷர்" நேரடிப் பதிவு என்கிறார்கள். கித்தார் ஏன் கேட்கவே இல்லை?

நல்ல காது உங்களுக்கு. சுற்றுப்பயணத்தில் வதனாபே கசுமி கித்தார் வாசித்தார். அவர் ஒப்பந்தம் செய்திருந்தது வேறொரு இசைத்தட்டு நிறுவனத்தோடு. அவர்கள் அனுமதி தரவில்லை. கித்தாரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சகமோதோ சிந்தசைசர் வாசித்து நிரப்பினார். 1980 பிப்ரவரியில் வந்த அந்தத் தட்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. எந்திர இசைக்காரர்கள் என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்ததில் ஒரு வக்கீலுக்கும் பங்கு இருக்கலாம் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

"டோக்கியோ, டோக்கியோ" என்று வருகிற பாட்டு ஒய்எம்ஓவுடையதா, பாராசூட் கட்டியவருடையதா?

இரண்டும் உண்டு, அதனால்தான் குழப்பம். எந்திரக் குரலில் "டோக்கியோ" என்று தொடங்குவது ஒய்எம்ஓவின் "டெக்னோபோலிஸ்", சகமோதோ இசையமைத்தது. முதுகில் நிஜமான பாராசூட்டைக் கட்டிக்கொண்டு, உடையில் மின்விளக்குகள் மினுங்கப் பாடுகிறவர் சவாதா கென்ஜி. அவருடைய "டோக்கியோ" 1980 ஜனவரி 1 அன்று வெளிவந்தது. எழுதியவர் விளம்பர வாசகங்களால் பெயர் பெற்ற இதோய் ஷிகெசாதோ. பத்தாண்டு பிறந்த முதல் நாளில் இப்படி ஒரு உடை.

"பிளாஸ்டிக் லவ்" இந்த ஆண்டுப் பாட்டுதானே? சிட்டி பாப் என்றாலே 1980 என்று படித்தேன்.

சிட்டி பாப் என்பது நகர வாழ்க்கையின் வாடை அடிக்கும், மெருகேறிய அந்தக் காலத்து மெல்லிசைக்கு வழங்கும் பெயர். "பிளாஸ்டிக் லவ்" 1984. தகேவுச்சி மரியா 1980-இல் பாடிக்கொண்டிருந்தது மேலே சொன்ன முகப்பூச்சுப் பாட்டு. அவரும் யமஷிதாவும் மணந்துகொண்டதே 1982-இல்தான். நீங்கள் தேடுவது இணையத்தில் உலகம் சுற்றிய இன்னொரு பாட்டாக இருக்கலாம்: மட்சுபரா மிகியின் "மயோனகா நோ டோர்" (நள்ளிரவுக் கதவு). தட்டு 1979 நவம்பர், அது இடம்பெற்ற எல்பி 1980 ஜனவரி. வந்தபோது ஓரளவு ஓடிய பாட்டு, 2020-இல் உலகப் பட்டியல்களில் ஏறியது. மட்சுபரா 2004-இலேயே இறந்துவிட்டார்.

இதில் நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. "மயோனகா நோ டோர்", செய்கோவின் "அவோய் சங்கோஷோ", யகாமியின் "பர்ப்பிள் டவுன்" மூன்றுக்கும் வரிகள் எழுதியவர் ஒரே பெண்மணி: மியுரா யோஷிகோ. (மோமோயேவின் கணவர் மியுரா வேறு.) இன்று ஒன்றைச் சிட்டி பாப் என்றும் மற்றதை ஐடல் பாட்டு என்றும் தனித்தனி அடுக்கில் வைக்கிறோம். எழுதியவருக்கு எல்லாம் ஒரே மேஜைதான்.

"பர்ப்பிள் டவுன்" வெளிநாட்டுப் பாட்டைப் பார்த்து எழுதியது என்கிறார்களே?

ஆமாம். ரே கென்னடி என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டோடு மிகவும் ஒத்திருந்தது. பிறகு அவருடைய தரப்புப் பெயர்களும் உரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் எல்லா ஒற்றுமையும் திருட்டு ஆகாது. தஹரா தொஷிஹிகோ ஜூனில் அறிமுகமான "அய்ஷு டேட்" வெளிப்படையாகவே அமெரிக்கப் பாடகர் லீஃப் காரெட்டின் பாட்டுக்கு ஜப்பானிய வரிகள் போட்ட மறுபாடல்.

செய்கோவுக்குத்தான் புதுமுக விருது கிடைத்திருக்கும், இல்லையா?

இறுதிச் சுற்றில் இருந்தார். ஆனால் ஜப்பான் இசைத்தட்டு விருதின் 1980 புதுமுகப் பரிசு தஹராவுக்குப் போனது. அவரும் கொந்தோ மசஹிகோவும் நொமுரா யோஷியோவும் ஒரு பள்ளிக்கூடத் தொலைக்காட்சித் தொடரில் மாணவர்களாக நடித்து "தனோகின்" மூவர் என்று புகழ்பெற்றவர்கள். அதே தொடரில் நடித்து, செப்டம்பரில் பாட வந்த மிஹரா ஜுன்கோ பிற்பாடு அரசியலுக்குப் போய் 2024-இல் அமைச்சரே ஆகிவிட்டார்.

அந்தப் பையன்களை உருவாக்கிய நிறுவனத்தின் நிறுவனர் நெடுங்காலம் சிறுவர்களிடம் பாலியல் கொடுமை செய்துவந்ததை, அவர் இறந்தபின், 2023-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்துப் பளபளப்பைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

என்கா என்றால் வயதானவர்கள் பாட்டுதானே? இளைஞர்கள் ஆண்டில் அதற்கு என்ன வேலை?

டிசம்பர் 31 இரவைப் பாருங்கள். முதலில் இம்பீரியல் தியேட்டரில் இசைத்தட்டு விருது. அது முடிந்த கையோடு எல்லோரும் என்எச்கே அரங்கத்துக்குப் பறப்பார்கள், ஒன்பது மணிக்குக் "கோஹாகு" என்ற சிவப்பு-வெள்ளைப் பாட்டுப் போட்டி. அந்த விருதில் அந்த ஆண்டு இரண்டு என்கா ஜாம்பவான்கள் மோதினார்கள்: இட்சுகி ஹிரோஷியும் யாஷிரோ அகியும். இட்சுகியின் பெயர் எழுத்தில் "ஐந்து" (கோ) இருக்கிறது, யாஷிரோவின் பெயரில் "எட்டு" (ஹச்சி). பத்திரிகைகள் "கோஹச்சிப் போர்" என்று பெயர் வைத்தன. பரிசு யாஷிரோவின் "அமே நோ போஜோ"வுக்கு (மழையின் ஏக்கம்) கிடைத்தது. கோஹாகுவில் இரு அணிகளுக்கும் கடைசியாகப் பாடியவர்களும் இவர்களே.

அந்தப் பாட்டில் மழையைக் கூப்பிடும் இடத்தில் யாஷிரோ கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்புவார், தாழ்வாரத்தில் நின்று தூறல் விழுகிறதா என்று பார்க்கிற மாதிரி. அவ்வளவுதான் அசைவு. நாடு முழுக்கச் சிறுபிள்ளைகள் அதைச் செய்துகொண்டு திரிந்தார்கள். வயதானவர்கள் பாட்டு என்பதற்கு இதைவிட நல்ல மறுப்பு என்னிடம் இல்லை. ஜூனில் வந்த இன்னொரு என்கா, தகயாமா ஊரின் மதுக்கடைகளில் அக்கார்டியன் வாசித்துப் பாடிவந்த, பார்வை குன்றிய ரியூ தெட்சுயாவின் "ஒகுஹிதா போஜோ", மெல்ல மெல்ல ஏறி 1981-இன் ஆண்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது.

ஷானல்ஸ் குழுவின் பழைய காணொளி பார்த்தேன். முகத்தில் கறுப்பு பூசியிருக்கிறார்களே, இது சரியா?

சரியில்லை. ஐம்பதுகளின் கறுப்பின அமெரிக்கக் குழுக்களின் பாட்டு மீது உண்மையான பக்தி கொண்டவர்கள் அவர்கள். சுசுகி மசயுகியின் குரலும் அருமையானது. அந்தப் பக்தியை முகத்தில் பூசிக் காட்டலாம் என்று நினைத்தார்கள். 1980-இல் ஜப்பானில் அதைக் கேள்வி கேட்டவர்கள் குறைவு. 2015-இல் அதே ஒப்பனையோடு தொலைக்காட்சிக்குத் தயாரானபோது உலகெங்கும் கண்டனம் எழுந்து, அந்தப் பகுதி ஒளிபரப்பாகாமல் நீக்கப்பட்டது. "ரன்அவே" பாட்டைக் கேளுங்கள்; காணொளியைத் தவிர்த்தாலும் ஒன்றும் குறையாது.

2,500 யென் கொடுத்து எல்பி வாங்கப் பிள்ளைகளிடம் ஏது பணம்?

இல்லை என்பதால்தான் ஒரு கல்லூரி மாணவர் 1980 ஜூனில், டோக்கியோவை அடுத்த மிதகாவில், "ரெய்கோதோ" என்ற கடை திறந்தார். விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வாடகை கொடுத்துத் தட்டை எடுத்துப்போகலாம். வீட்டில் கேசட்டில் பதிந்துகொண்டு மறுநாள் திருப்பித் தரலாம். கடைகள் காளான் மாதிரி முளைத்தன. இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1984-இல் சட்டம் திருத்தப்பட்டு வாடகைக்கும் உரிமைத்தொகை என்று ஆனது. வாக்மேன் 1979 ஜூலையிலேயே வந்துவிட்டதையும் சேர்த்துப் பாருங்கள். யமஷிதா கேசட் விளம்பரத்துக்குப் பாடியதன் பொருள் இப்போது இன்னும் நன்றாகப் புரியும்.

பால் மெக்கார்ட்னி ஜப்பான் சிறையில் இருந்தது இந்த ஆண்டுதானா?

இந்த ஆண்டேதான். ஜனவரி 16 அன்று நரிதா விமான நிலையத்தில் பெட்டியில் 219 கிராம் கஞ்சா பிடிபட்டது. ஒன்பது இரவுகள் காவலில் இருந்துவிட்டு நாடு கடத்தப்பட்டார். நிகழ்ச்சிகள் எல்லாம் ரத்து.

இவர்களில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?

2023 கொடிய ஆண்டு. ஜனவரியில் தகஹாஷி, மார்ச்சில் சகமோதோ, அக்டோபரில் பத்து நாள் இடைவெளியில் இருவர்: 1980 ஏப்ரலில் "சுபாரு" பாடி ஆசியா முழுக்க அறியப்பட்ட தனிமுரா ஷின்ஜி, பிறகு மோன்தா. நவம்பரில் மியுரா யோஷிகோ. ஆண்டு முடிய ஒரு நாள் இருக்கையில் யாஷிரோ. ஒவ்வொரு செய்தி வரும்போதும் இந்தப் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

செய்கோ இன்றும் பாடுகிறார். 2024 ஜூனில் டோக்கியோ டோமில், தென்கொரியாவின் நியூஜீன்ஸ் குழுவின் ஹன்னி "அவோய் சங்கோஷோ" பாடியபோது அரங்கம் அதிர்ந்தது. அதன்பின் எனக்கு வரும் கேள்விகளும் இரட்டிப்பாகிவிட்டன.

மோமோயே ஒரு முறைகூடத் திரும்பி வரவில்லையா? அவர் பாட்டை எங்கே கேட்பது?

பாடத் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்தார், துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் குயில்ட் கலை பயின்றார். 2019-இல் அவருடைய பெயர் தாங்கி ஒரு புத்தகம் வெளிவந்தது; முழுக்கத் தையல் வேலைகளின் படங்கள். 2020 மே மாதம் அவருடைய 600-க்கும் மேற்பட்ட பாட்டுகள் இணைய இசைச் சேவைகளுக்கு வந்துவிட்டன. 2021 ஜனவரியில் அந்தப் புதோகான் நிகழ்ச்சியை என்எச்கே மறுபடி ஒளிபரப்பியது. புதிதாகக் கேட்பவர்கள் "சயோனாரா நோ முகோகவா"வில் தொடங்காதீர்கள். முதலில் 1976-இன் "யோகோசுகா ஸ்டோரி"யைக் கேளுங்கள். மைக் தரைக்குப் போகும் காட்சியை அதற்குப் பிறகு பாருங்கள்.